பழைய காரும் பழகிய கைகளும்



தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று நிந்தவூரிலிருந்து வந்தது. "மெஷின் சரி ராத்தா. எனது கணவர் விட்டுப்போன பழைய கார் ஒன்று வாசலில் நிற்கிறது. விற்க மனமும் இல்லை, கராஜுக்குக் கொடுக்கக் காசும் இல்லை. கறள் பிடித்துக்கொண்டு போகிறது. அதைப் பற்றியும் எழுதுவீர்களா?" என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார்.

எழுதாமல் இருக்க முடியுமா? என் வாசலிலும் அப்படி ஒன்றுதான் நிற்கிறது. 1997ஆம் ஆண்டு மாருதி 800. யுத்தம் என் கணவரை 2006இல் எடுத்துக்கொண்டது. அவர் ஓட்டிய கார் ஐந்து வருடம் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தது. 2011இல் நான் லைசன் எடுத்து அதை வெளியே இறக்கினேன். மருதமுனைக் கைத்தறிச் சாரிகளையும் சாரங்களையும் அக்கரைப்பற்று, சம்மாந்துறை, காத்தான்குடிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வருமானம். பஸ்ஸில் இரண்டு மூட்டைதான் ஏற்றலாம். காரில் பத்து மூட்டை போகும். அந்தக் கார் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும்.

பழையதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாமே என்று சிலர் சுலபமாகச் சொல்வார்கள். அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ ஐந்து வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறியது. திறந்த பிறகும் வரியின் பாரத்தால் புதிய கார் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நமக்குள்ள வழி.

நல்ல செய்தி என்னவென்றால், பழைய கார்கள் புதியவற்றைவிட எளிமையானவை. மாருதி 800 காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் குர்கானில் 1983 டிசம்பரில் முதற் கார் வெளிவந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. முப்பது வருடம் செய்த கார் என்பதால் பாவித்த உதிரிப்பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். 796 சீசீ என்ஜின், மூன்று சிலிண்டர், மூன்று பிளக். பொனட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கம்பியூட்டர் பொருத்திப் பார்க்க வேண்டிய வேலை பழைய கார்புரேட்டர் கார்களில் இல்லை.

ஒரு கெத்தில் வெந்நீரின் கதை

காரைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2013இல் ஒரு காலை கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. ஒரு கராஜிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, செல்ஃப் மோட்டரும் முடிந்தது, அல்டர்நேட்டரும் முடிந்தது, இரண்டையும் மாற்ற 45,000 ரூபா என்றார். கையில் அவ்வளவு இல்லை. பெருநாளைக்குப் போடுவதற்காக வைத்திருந்த மகளின் காப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வங்கிக்கு அடகு வைக்கப் புறப்பட்டேன்.

பக்கத்து வளவில் ஒரு சாச்சா இருந்தார். பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். "எங்க மகள் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "காப்பு ஓடிப் போகாது. முதல்ல பொனட்டத் திறங்க மகள், பார்ப்பம்" என்றார். பெட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்த மாவைக் காட்டினார். "இதுக்குள்ளால கரண்ட் எப்படிப் போகும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு கெத்தில் வெந்நீரும் இரண்டு கரண்டி அப்பச்சோடாவும் கொண்டுவரச் சொன்னார். கால் மணித்தியாலத்தில் முனைகள் பளிச்சென்று ஆகின. சாவியைத் திருப்பினேன். கார் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

மகளின் காப்பு கையிலேயே இருந்தது. அந்த செல்ஃப் மோட்டர் இன்றைக்கும் அதே காரில் வேலை செய்கிறது. அன்று தொடக்கம் சாச்சா மௌத்தாகும் வரை, ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். கீழே நான் எழுதுவதில் அதிகமானவை அவரிடம் கற்று, என் கையால் செய்து பார்த்தவை.

கை வைப்பதற்கு முன்

முதலில் நம் உடை. சாரி முந்தானை, சால்வை, முக்காட்டின் நுனி எதுவும் தொங்கக் கூடாது. ஓடும் என்ஜினின் பெல்ட் ஒரு நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெட்டரியின் முனைக்கும் காரின் உடம்புக்கும் இடையில் காப்புப் பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

வாங்கி வைக்க வேண்டியவை அதிகம் இல்லை. 10, 12, 14, 17 இலக்க ஸ்பெனர்கள், இரண்டு வகை ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பெனர், வீல் ஸ்பெனர், நல்ல ஜெக், ஒரு டோர்ச், பழைய சாரத் துணி. கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு மல்ட்டி மீட்டர். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து ஜெக்கையும் மீட்டரையும் பொதுவில் வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம்.

காலையில் ஐந்து நிமிடம்

முற்றம் கூட்டும்போதே இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கார் நின்ற இடத்தில் நிலத்தைப் பாருங்கள். கறுப்புத் துளி என்றால் என்ஜின் ஒயில். பச்சை அல்லது சிவப்பு நிறத் தண்ணீர் என்றால் கூலன்ட். சில்லுக்கு உட்பக்கம் ஈரமாக, வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஒயிலாக இருக்கலாம்; அன்றைக்குக் காரை எடுக்க வேண்டாம்.

பிறகு ஒயில். கார் சமதரையில் நிற்க வேண்டும், என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு இடையில் இருந்தால் சரி. குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்து பாருங்கள். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். என்ஜினை ஓட்டாமல் பாஸைக் கூப்பிடுங்கள்.

பான் பெல்ட்டைப் பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள். அரை அங்குலம் அளவு அமர்ந்தால் போதும். வெடிப்பும் நார் கிளம்பலும் இருந்தால் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் பெட்டரி சார்ஜ் ஆகாது. பல கார்களில் தண்ணீரும் சுற்றாது. பெல்ட்டைத் தொடும்போது என்ஜின் நிறுத்தப்பட்டு, சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெட்டரி

முனைகளைக் கழற்றும்போது எப்போதும் கழித்தல் அடையாளம் உள்ள பக்கத்தை முதலில் கழற்றுங்கள். பிறகு கூட்டல் பக்கம். பூட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். காரணம் இதுதான்: காரின் உடம்பு முழுவதும் கழித்தல் முனையோடு தொடுப்பில் இருக்கிறது. அதைக் கழற்றாமல் கூட்டல் முனையில் ஸ்பெனரைப் போட்டு, ஸ்பெனர் தவறி உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். சார்ஜ் ஆகும் பெட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். ஆகவே பக்கத்தில் விளக்கு, நெருப்புக்குச்சி கூடாது.

அப்பச்சோடா கரைத்த வெந்நீரை மெதுவாக ஊற்றி, பழைய பல் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டுப் பூட்டுங்கள். சோடாத் தண்ணீர் பெட்டரிக்கு உள்ளே போகக் கூடாது. மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வசிலின் பூசினால் மீண்டும் பூப்பது குறையும். மூடி கழற்றும் வகைப் பெட்டரி என்றால் உள்ளே வடித்த தண்ணீர் மட்டும்தான் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்வாக நிற்கும் பெட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் வற்றிவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் அல்டர்நேட்டர் வேலை செய்கிறது. இந்த மூன்று எண்களும் தெரிந்த பெண்ணிடம் "அல்டர்நேட்டர் முடிந்தது" என்று யாரும் இலேசில் சொல்லிவிட முடியாது.

பெட்டரிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், கார் நமக்கு மட்டும் உதவுவதில்லை. ஒரு மாரி காலத்து நடுச்சாமத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி கண்டது. ஆட்டோவுக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. அவளுடைய உம்மா படலையில் நின்று, "ராத்தா, கார் எடுக்க ஏலுமா?" என்று கேட்டார். சாவியைத் திருப்பியதும் கார் எடுபட்டது. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை வாசலில் அவளை இறக்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ஆண் குழந்தை பிறந்தது. பெட்டரியைக் கழுவிய கால் மணித்தியாலம் இப்படித்தான் திரும்பி வருகிறது.

பிளக்கும் காற்றும்

என்ஜின் நடுங்குகிறது, இழுவை இல்லை, பெற்றோல் கூடக் குடிக்கிறது என்றால் பிளக்கைப் பாருங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியத் தலையின் புரி கெட்டுவிடும். ஒரு நேரத்தில் ஒரு பிளக்கை மட்டும் கழற்றுங்கள். வயர்கள் இடம் மாறினால் என்ஜின் ஓடாது.

பிளக்கின் நுனி நமக்குக் கதை சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் சுகம். கரி பிடித்த கறுப்பு என்றால் பெற்றோல் கூடுகிறது அல்லது காற்று குறைகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் என்ஜின் ஒயிலை எரிக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் சூடு கூடுகிறது. துடைத்து, சீராக்கி, திரும்பப் பூட்டும்போது முதலில் விரலால் மட்டும் சுற்றுங்கள். புரியில் ஒழுங்காக ஏறிய பிறகே ஸ்பெனர். போத்தல் மூடியைக் கோணலாகத் திருகினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

நம் ஊர் மணற்பாங்கானது. காற்று பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, தரையில் மெதுவாகத் தட்டித் தூசியை உதிருங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், வரிசையில் நாட்கணக்கில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் சுத்தமான பில்டரும் சரியான காற்றடித்த டயரும் மிச்சம் பிடித்த ஒவ்வொரு சொட்டும் எனக்குப் பெரிதாக இருந்தது.

தண்ணீரும் சூடும்

ஒன்றை மனதில் எழுதி வையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அவ்வளவும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

வழியில் சூட்டு முள் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். கையால் தொட்டு, மேல் ஹோஸ் ஆறியிருந்தால் மட்டும் தடித்த துணியால் மூடியைப் பிடித்து மெதுவாகத் திறந்து தண்ணீர் விடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. உள்ளே உப்புப் படிந்து குழாய்களை அடைக்கும், உலோகத்தைத் தின்னும். கூலன்டை வடித்த தண்ணீரோடு கலந்து விடுவதே நல்லது. பொனட்டுக்குள் இருக்கும் மின் விசிறி, என்ஜின் நின்ற பிறகும் சில கார்களில் திடீரெனச் சுற்றும். கையைத் தூர வையுங்கள்.

டயர் மாற்ற ஆண்பிள்ளை தேவையில்லை

கார் சமதரையில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதலாம் கியரில் விட்டு, மூலைக்கு எதிர்ச் சில்லுக்குக் கல் வையுங்கள். ஜெக் போடுவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சில்லு சுற்றும், கார் சறுக்கும். நட்டு அசையாவிட்டால் வீல் ஸ்பெனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி அமர்த்துங்கள். துலாவின் நீளம் கூடக்கூட வாளி இலேசாக வருவதில்லையா? அதே கணக்குத்தான். பூட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் இறுக்காமல் எதிர் எதிராக இறுக்குங்கள். ஜெக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் தலையை நீட்ட வேண்டாம்.

பாவித்த டயர் வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த டயர் ரப்பர் காய்ந்து வெடிக்கக்கூடியது. விற்பவர் "புதுசு மாதிரி" என்றால் அந்த இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கடலும் கறளும்

நம் கார்களுக்கு முதல் எதிரி கடற்காற்று. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் கறள். அதில் உப்புச் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. கொட்டிலில் நின்றால்கூட உப்பு வந்து படியும். கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே பளபளப்பாக இருந்தால் போதாது. சில்லு வளைவுகளின் உட்பக்கமும் அடிப்பக்கமும்தான் முக்கியம். கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் வடிவதற்கானவை அவை. மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கும். கால் விரிப்பு நனைந்தால் அன்றே வெயிலில் காயப் போடுங்கள்.

காசளவு கறள் கண்டால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். சாண்ட் பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, துடைத்து, ரெட் ஒக்சைட் பூசி, காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். கறளுக்கு மேலே பெயின்ட் அடிப்பது புண்ணுக்கு மேலே பவுடர் போடுவது போல. அடிச்சட்டம், இருக்கை பூட்டிய இடம், பெல்ட் பூட்டிய இடம் உக்கினால் அது நம் வேலையல்ல. வெல்டிங் பாஸிடம் போக வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் உப்புத் தண்ணீர் புகுந்த எத்தனையோ வாகனங்கள் நம் கரையோரத்தில் உக்கிப்போயின. தண்ணீருக்குள் மூழ்கிய காரின் சாவியைத் திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது நசுங்காது, என்ஜினின் கம்பிகள்தான் வளையும். முதலில் பெட்டரியைக் கழற்றி, பாஸிடம் இழுத்துக்கொண்டு போங்கள். வெள்ளம் பாயும் வீதியில் இறங்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி என்றால் நம் சின்னக் கார் எம்மாத்திரம்? சாமான் ஒரு நாள் பிந்திப் போகட்டும்.

நாம் தொடக் கூடாதவை

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் பழகிய பாஸ்தான் கழற்ற வேண்டும். நாம் செய்ய வேண்டியது கவனிப்பது. பிரேக் ஒயில் குறைந்துகொண்டு போனால் கட்டை தேய்கிறது அல்லது எங்கோ கசிகிறது. மிதித்தால் பஞ்சுபோல அமர்ந்தால், கார் ஒரு பக்கம் இழுத்தால், உடனே காட்டுங்கள். பிரேக் ஒயில் தட்டில் வேறு எந்த எண்ணெயும் ஊற்ற வேண்டாம். என்ஜின் ஒயில் பட்டால் உள்ளே உள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டு, பிரேக்கே பிடிக்காமல் போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள்.

ஒயில் மாற்றினால் பழையதை வளவில் ஊற்ற வேண்டாம். நம் மணல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குப் போகும். நாம் குடிப்பதும் பிள்ளைகள் குடிப்பதும் அந்தக் கிணறுதான். கானில் அடைத்து, சேர்விஸ் செய்யும் இடத்தில் கொடுங்கள்.

கராஜில் கதைப்பது எப்படி

பாஸ்மார் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் தனியாக வரும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சில பழக்கங்கள் நல்லது. "கார் சரியில்லை" என்று சொல்லாமல், எப்போது, எந்தப் பக்கம், என்ன சத்தம், சூட்டிலா குளிரிலா என்று சொல்லுங்கள். வேலை தொடங்கு முன் விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பெரிய தொகை சொன்னால் இன்னோர் இடத்திலும் காட்டுங்கள். துணைக்கு இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு கொப்பி போடுங்கள். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, செலவு. ஒயில் எப்போது மாற்றினோம் என்று நினைவில் தேட வேண்டியதில்லை. காப்புறுதி, புகைப் பரிசோதனைப் பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் முடிவுத் திகதிகளையும் அதிலேயே எழுதி வையுங்கள். பிளக்கும் பில்டரும் சுத்தமான கார் புகைப் பரிசோதனையில் சித்தியடைவதும் சுலபம்.

ஆண்களின் வேலையா?

ஆரம்பத்தில் நான் பொனட்டுக்குள் குனிந்து நின்றால் வேலிக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். "இதெல்லாம் ஆம்புளயளுட வேல" என்று உறவுக்காரப் பெண்களே சொன்னார்கள். நான் பதில் சொல்லப் போகவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன்.

உலகத்தில் முதன்முதலாகக் காரில் நெடும் பயணம் போனவர் ஒரு பெண். ஜேர்மனியைச் சேர்ந்த பேர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் போனார். அப்போது பெற்றோல் செட்டும் இல்லை, கராஜும் இல்லை. எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடிக்கவைத்தார். மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு 1903இல் உரிமப் பத்திரம் பெற்ற மேரி அண்டர்சனும் ஒரு பெண்தான். ஆகவே காரும் பெண்ணும் அந்நியர் அல்ல. இடையில் யாரோ வேலி போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

சகோதரிகளே, யுத்தம் நம்மிடமிருந்து எடுத்தவற்றை யாராலும் திருப்பித் தர முடியாது. வீட்டில் மிஞ்சிய சாமான்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்த காலமும் நமக்கு இருந்தது. அவர் பிடித்த ஸ்டியரிங்கைத் தொடவே எனக்கு ஐந்து வருடம் ஆனது. இன்று அதே கார் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டது. மூத்தவள் அதில்தான் லைசன் எடுத்தாள். டயர் மாற்றத் தெரியாமல் அவளைச் சாவியைத் தொட விடவில்லை.

நிந்தவூர்ச் சகோதரிக்கு என் பதில் இதுதான். உங்கள் காரை விற்பதா வைப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் விலை தெரியாமல் விற்க வேண்டாம், நோய் தெரியாமல் கராஜுக்குக் கொடுக்கவும் வேண்டாம். பல நாள் நின்ற கார் என்றால் உடனே ஸ்டார்ட் பண்ணப் போகாதீர்கள். பழைய பெற்றோலை வடித்து, ஒயிலை மாற்றி, பெட்டரியைச் சோதித்து, பிரேக்கை ஒரு பாஸிடம் காட்டிய பிறகே ஓட்டுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

மற்றச் சகோதரிகளும் உங்கள் கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள். அடுத்த மாதம், மாரிக்கு முன்னர் கிணற்று மோட்டரை எப்படிப் பார்த்து வைப்பது என்று எழுதுகிறேன். அதுவரை எல்லோரும் சுகமாக இருங்கள்.